ரசீதிலிருந்து வரைபடம்: நியூயார்க் டாக்ஸி தரவு பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

நியூயார்க் நகரின் மஞ்சள் டாக்ஸிகள் 2013-ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 17.3 கோடி சவாரிகள் ஓடின. ஒவ்வொரு சவாரிக்கும் ஒரு பதிவு உண்டு: ஏறிய நேரம், ஏறிய இடம், இறங்கிய நேரம், இறங்கிய இடம், மீட்டர் காட்டிய மைல், கட்டணம், டிப்ஸ். நகரின் டாக்ஸி, லிமோசின் ஆணையம் இவற்றைச் சேர்த்து வைத்திருந்தது. 2014-இல் மாநிலத் தகவல் சுதந்திரச் சட்டத்தின்கீழ் ஒருவர் விண்ணப்பித்தபோது, அவர் கொண்டுபோன வன்தட்டிலேயே அந்த ஆண்டின் முழுத் தரவையும் ஏற்றிக் கொடுத்தது. அவர் அதை இணையத்தில் வெளியிட்டார்.

பழைய போக்குவரத்துத் தரவைப் புவியியல் தகவல் அமைப்பில், அதாவது ஜிஐஎஸ்ஸில், ஆராய நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சிக்களம் எனக்குத் தெரிந்து வேறில்லை. தரவு பெரியது என்பது அதற்குச் சிறிய காரணம். இதே தரவு பத்தாண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் பலமுறை வடிவம் மாறியிருக்கிறது; ஒவ்வொரு மாற்றத்தின்போதும் சில கேள்விகளுக்குப் பதில் சொல்லும் திறனை இழந்திருக்கிறது, ஒருமுறை எதிர்பாராமல் ஒன்றைத் திரும்பப் பெற்றும் இருக்கிறது. அந்தக் கதையைத் தொடர்ந்து பார்த்தால், இடம் குறித்த தகவல் ஒரு காப்பகத்துக்குள் எப்படி நுழைகிறது, எப்படிக் கரைகிறது என்பது தெளிவாகும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பதிவுகள் ரசீதுகள். நகரின் நெரிசலை அளக்க யாரும் இவற்றை எழுதவில்லை. கட்டணம் வாங்க எழுதினார்கள். பதிவின் எந்தக் கட்டம் கவனமாக நிரப்பப்பட்டிருக்கும், எது ஏனோதானோவென்று விடப்பட்டிருக்கும் என்பதைப் பணம்தான் தீர்மானித்தது. இதை மறந்துவிட்டுப் புள்ளிகளை நேராக வரைபடத்தில் கொட்டினால் அழகான படம் கிடைக்கும். அந்தப் படம் பல இடங்களில் பொய் சொல்லும்.

பதிவு பிறக்கும் விதம்

டாக்ஸிக்குள் மீட்டரோடு ஜிபிஎஸ் கருவியும் அட்டை வாசிப்பானும் இணைக்கப்பட்டிருந்தன. ஓட்டுநர் மீட்டரைப் போடும்போது ஒரு புள்ளி, நிறுத்தும்போது ஒரு புள்ளி. இரண்டுக்கும் நடுவே வண்டி எந்தத் தெருவில் போனது என்பது வெளியிடப்பட்ட தரவில் கிடையாது. தூரம் இருக்கிறது, அது மீட்டர் அளந்த தூரம். ஆகவே ஒரு சவாரியைப் பற்றி நமக்குத் தெரிவது இரண்டு முனைகளும் நடுவில் ஒரு நீளமும்தான்.

பயணிகளின் எண்ணிக்கையை ஓட்டுநர் கையால் அழுத்த வேண்டும். அது கட்டணத்தைப் பாதிக்காது என்பதால் அந்தக் கட்டத்தை நம்பி எதையும் கட்டக்கூடாது. டிப்ஸ் அட்டையில் கொடுத்தால் மட்டுமே பதிவாகும். ரொக்கமாகக் கொடுத்தது பதிவாவதில்லை. இது தெரியாமல் “எந்தப் பகுதியில் தாராளமாக டிப்ஸ் கொடுக்கிறார்கள்” என்று வரைபடம் போட்டால், எந்தப் பகுதியில் அட்டை அதிகம் புழங்குகிறது என்ற வரைபடம்தான் கிடைக்கும். நிறத்தின் ஏற்ற இறக்கம் அவ்வளவு உறுதியாகத் தோன்றும், பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது.

2013 கோப்புகளில் இரண்டு நிறுவனங்களின் கருவிகள் எழுதிய வரிகள் கலந்திருக்கின்றன. ஒன்றின் குறியீடு சிஎம்டி, மற்றதன் குறியீடு விடிஎஸ். இரண்டு வரிகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். விடிஎஸ் வரி இப்படி இருக்கும்: ஏறியது 04:36:00, இறங்கியது 04:46:00, தூரம் 3.12 மைல். சிஎம்டி வரி இப்படி: ஏறியது 15:11:48, இறங்கியது 15:18:10, தூரம் 1.0 மைல். முதல் கருவி நேரத்தை முழு நிமிடமாக எழுதுகிறது, தூரத்தை நூறில் ஒரு பங்கு மைல் வரை தருகிறது. இரண்டாவது கருவி நொடி வரை நேரம் தருகிறது, தூரத்தைப் பத்தில் ஒரு பங்கு மைலோடு நிறுத்திவிடுகிறது.

இதன் விளைவு சிறியதல்ல. ஐந்து நிமிடச் சவாரியில் ஒரு நிமிடம் பிசகினால் வேகக் கணக்கில் சுமார் 20 விழுக்காடு பிசகும். பத்தில் ஒரு பங்கு மைல் என்பது சுமார் 160 மீட்டர். நகரின் மையத் தீவான மன்ஹாட்டனின் நடுப்பகுதியில் அது இரண்டு தெருக்களின் இடைவெளி. குறுகிய சவாரிகளை மட்டும் எடுத்து ஒரு தெருவின் வேகத்தைக் கணக்கிடுபவர், எந்தக் கருவி எழுதிய வரிகள் எத்தனை என்று பிரித்துப் பார்க்காவிட்டால், போக்குவரத்தை அளப்பதாக எண்ணிக்கொண்டு கருவிகளின் எழுதும் பழக்கத்தை அளந்துகொண்டிருப்பார். நான் இந்தத் தரவைப் பயன்படுத்தும் ஆய்வு எதைப் பார்த்தாலும் முதலில் தேடுவது இந்தப் பிரிப்பைத்தான்.

புள்ளிகளைக் குறுக்கு விசாரணை செய்தல்

கோப்பில் உள்ள ஆயத்தொலைவுகள் அட்சரேகை, தீர்க்கரேகையாக, ஆறு தசம இடங்கள் வரை இருக்கின்றன. ஆறாவது தசமம் தரையில் சுமார் பத்து சென்டிமீட்டர். டாக்ஸியில் இருக்கும் ஜிபிஎஸ் அதை அறிய வழியே இல்லை. திறந்த வானத்தின்கீழ் சில மீட்டர் பிழை இயல்பு. வானளாவிய கட்டடங்களுக்கு நடுவே செயற்கைக்கோள் சமிக்ஞை சுவர்களில் பட்டுத் திரும்பிவரும்போது பிழை பல பத்து மீட்டர்களாகும். எண்ணின் நீளத்தைத் துல்லியம் என்று எடுத்துக்கொள்வது இந்தத் துறையில் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு.

முதலில் கண்ணில் படுவது பூஜ்யங்கள். ஜிபிஎஸ் இடம் பிடிக்காதபோது கருவி இரண்டு ஆயத்தொலைவுகளையும் 0 என்று எழுதிவிடும். அப்படியே வரைந்தால் நியூயார்க் டாக்ஸிகள் மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அப்பால் கினி வளைகுடாவில் பயணிகளை ஏற்றிக்கொண்டிருக்கும். இவற்றை நீக்குவது எளிது. நீக்கும்முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: பூஜ்யங்கள் எல்லா இடத்துக்கும் எல்லா வண்டிக்கும் சமமாக விழுகின்றனவா? உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே தொடங்கும் சவாரிகளில் அவை அதிகம் விழுந்திருந்தால், நீக்கும்போது அந்தப் பகுதியையே குறைத்து எண்ணுகிறோம். இறங்கிய புள்ளி சரியாக இருந்து ஏறிய புள்ளி மட்டும் பூஜ்யமாக உள்ள வரிகளைத் தனியே எடுத்து, அவை எங்கே போய் இறங்கின என்று பார்த்தால் ஓரளவு துப்புக் கிடைக்கும்.

அடுத்து நீரில் விழுந்த புள்ளிகள். ஹட்சன் ஆற்றிலும் கிழக்கு ஆற்றிலும் மிதக்கும் புள்ளிகளைக் கரையோர அடுக்கை, அதாவது கரைக்கோட்டை மட்டும் காட்டும் வரைபடக் கோப்பை, வைத்துப் பிடித்துவிடலாம். ஆனால் பாலத்தின் மேலே இருப்பவையும் அதே சல்லடையில் சிக்கும். பாலத்தின் நடுவே யாரும் இறங்குவது அரிது என்றாலும், சாலை அடுக்கையும் சேர்த்துப் பார்த்த பிறகு நீக்குவதே முறை.

தூரக் கணக்குக்கு முன்னால் வரைவு முறையை, அதாவது உருண்டைப் பூமியைத் தட்டையாக விரிக்கும் முறையை, மாற்ற வேண்டும். நியூயார்க்கின் அட்சரேகையில் ஒரு பாகை தீர்க்கரேகை சுமார் 84 கிலோமீட்டர். ஒரு பாகை அட்சரேகை சுமார் 111 கிலோமீட்டர். பாகைகளிலேயே தூரம் கணக்கிட்டால் கிழக்கு மேற்குப் பயணங்கள் தம் உண்மையான நீளத்தைவிட நீண்டுவிடும். அந்த நகரத்துக்கென வழங்கும் ஆயத்தொலைவு முறை லாங் ஐலண்ட் மாநிலத் தளமுறை. அதன் அலகு மீட்டர் அல்ல, அடி. ஆணையம் வெளியிட்ட மண்டலக் கோப்பும் அதே முறையில்தான் இருக்கிறது. அலகைப் பார்க்காமல் ஓர் இடத்தைச் சுற்றி “50” என்று எல்லைத் தாங்கல், அதாவது சுற்றுப்பட்டை, போட்டவருக்கு 50 மீட்டருக்குப் பதிலாக 15 மீட்டர்தான் கிடைக்கும், மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தராது.

இதற்குப் பிறகு வருவதுதான் எனக்கு மிகப் பிடித்த வேலை: ஒரு கட்டத்தை இன்னொரு கட்டத்துக்கு எதிராக நிறுத்திக் கேள்வி கேட்பது. இரு முனைகளுக்கும் இடையே நேர்க்கோட்டுத் தூரம் 4 மைல், மீட்டர் 1.2 மைல் என்கிறது என்றால், ஏதோ ஒரு முனையாவது மீட்டராவது பொய். சாலை ஒருபோதும் நேர்க்கோட்டைவிடக் குறுகாது. மறுபுறம், மன்ஹாட்டனின் கட்டத் தெருக்களில் சுற்றில்லாமல் போனால் பாதை நேர்க்கோட்டைப்போல் அதிகபட்சம் 1.41 மடங்குதான் இருக்கும். மூன்று மடங்கு வந்தால் உடனே தூக்கியெறியக் கூடாது. ஒருவர் எங்கேயோ போய் வேலையை முடித்துக்கொண்டு அதே வண்டியில் ஏறிய இடத்துக்கே திரும்பியிருக்கலாம். அது உண்மையான சவாரி. வேகக் கணக்கில் சேர்க்க முடியாது, டாக்ஸிக்கு எவ்வளவு தேவை இருந்தது என்ற கணக்கில் சேர்க்கலாம்.

பணமே சாட்சி சொல்லும் இடமும் உண்டு. மன்ஹாட்டனுக்கும் ஜேஎஃப்கே விமான நிலையத்துக்கும் இடையே நிலையான கட்டணம்; 2013-இல் அது 52 டாலர். அதற்கென்று கட்டணக் குறியீடு 2. ஆக, குறியீடு 2 உள்ள ஒவ்வொரு சவாரிக்கும் ஒரு முனை விமான நிலையப் பலகோணத்துக்குள், மறுமுனை மன்ஹாட்டன் தீவில் விழ வேண்டும். விழாதவை எங்கே விழுகின்றன என்று வரைந்து பார்த்தால் ஜிபிஎஸ் பிழையின் அளவும் திசையும் தெரியவரும். இதற்கு எந்த வெளித்தரவும் தேவையில்லை. கட்டணம் விஷயத்தில் பயணியும் ஓட்டுநரும் விழிப்பாக இருப்பார்கள். அதனால் அந்தக் கட்டத்தை நம்பி இடத்தைச் சோதிக்கலாம்.

காலத்திலும் ஒரு பொறி இருக்கிறது. நேரங்கள் உள்ளூர்க் கடிகாரப்படி எழுதப்பட்டவை. 2013 நவம்பர் 3 அதிகாலை இரண்டு மணிக்குக் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னுக்குப் போனது. அன்று 1:50-க்கு ஏறி இருபது நிமிடத்தில் இறங்கியவர், கடிகாரக் கணக்கில் 1:10-க்கு, அதாவது ஏறுவதற்கு 40 நிமிடம் முன்பே, இறங்கியவர் ஆகிறார். எதிர்மறை நேரம் என்பதால் இது எளிதில் மாட்டிக்கொள்ளும். மார்ச் 10 அப்படி மாட்டாது. அன்று இருபது நிமிடச் சவாரி எண்பது நிமிடமாகிவிடும், பார்க்க நெரிசல் போலவே இருக்கும்.

புள்ளியிலிருந்து தெருவுக்கு

சுத்தம் செய்த புள்ளியை ஒரு தெருவோடு பொருத்த வேண்டும். நகரத் திட்டமிடல் துறை பராமரிக்கும் லயன் என்ற தெருக்கோட்டுக் கோப்பு இருக்கிறது. ஒருவழிப் பாதைகளின் திசையும் அதில் உண்டு. தன்னார்வலர்கள் உருவாக்கும் திறந்த வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பையும் பயன்படுத்தலாம். அருகிலுள்ள தெருவைத் தேர்ந்தெடு என்று கட்டளை கொடுத்தால் வேலை முடிந்தது போலிருக்கும். ஆனால் மன்ஹாட்டனில் ஒரு மைலுக்கு இருபது தெருக்கள். அடுத்தடுத்த தெருக்களின் இடைவெளி சுமார் 80 மீட்டர். பிழை 40 மீட்டரைத் தாண்டினால் புள்ளி பக்கத்துத் தெருவுக்குப் போய்விடும், அந்தத் தெரு பெரும்பாலும் எதிர்த்திசை ஒருவழிப் பாதையாக இருக்கும். அங்கிருந்து பாதை கணக்கிட்டால் வண்டி வீணாக ஒரு தெருத் தொகுதியைச் சுற்றிவரும்.

இதற்குத் தெரு மட்டத்துக்கு இறங்காமல் சந்திப்பு மட்டத்தில் நிற்பது ஒரு வழி. 2011-இன் 15 கோடிக்கும் மேற்பட்ட சவாரிகளை வைத்து, பயணிகள் வண்டியைப் பகிர்ந்துகொண்டால் என்ன ஆகும் என்று ஆராய்ந்த குழு 2014-இல் தன் முடிவை வெளியிட்டது. மன்ஹாட்டனைத் தெருச் சந்திப்புகளின் வலையாக எடுத்துக்கொண்டு, சந்திப்புகளுக்கு இடையிலான பயண நேரத்தை மதிப்பிட்டு, எந்த இரண்டு சவாரிகளைப் பெரிய தாமதமின்றி ஒன்றாக்கலாம் என்று கணக்கிட்டார்கள். மொத்தப் பயண நீளத்தை 40 விழுக்காடோ அதற்கு மேலோ குறைக்க முடியும் என்று கண்டார்கள். இந்தக் கேள்விக்குப் பத்து மீட்டர் துல்லியம் தேவையில்லை. யாரும் இரண்டு நிமிடத்தில் நடந்துபோய்விடும் தூரத்துக்குள் பிழை அடங்கினால் போதும். கேள்விக்கு ஏற்ற அளவில் தரவை நிறுத்தியது அந்த ஆய்வின் பலம்.

மன்ஹாட்டனின் தெருக்கட்டம் 1811-ஆம் ஆண்டுத் திட்டத்தின்படி அமைந்தது; உண்மையான வடக்கிலிருந்து சுமார் 29 பாகை சாய்ந்தது. அதனால் வடக்கு தெற்காகச் சதுரக் கட்டங்கள் போட்டு எண்ணினால் ஒவ்வொரு கட்டமும் அவென்யூக்களைக் குறுக்காக வெட்டும். அச்சைச் சாய்த்து, அவென்யூ நெடுக ஒன்று, தெரு நெடுக ஒன்று என்று பிரித்தால் தீவின் நீளவாக்கில் போவதற்கும் குறுக்கே கடப்பதற்கும் உள்ள வேறுபாடு தனித்துத் தெரியும். குறுக்குத் தெருக்கள் குறுகியவை, சிக்னல் அடர்ந்தவை. நகரின் சராசரி வேகம் என்ற ஒற்றை எண்ணில் இந்த இரண்டும் கரைந்து காணாமல் போகின்றன. ஜிஐஎஸ்ஸின் மதிப்பு இப்படிப் பிரித்துக் காட்டும்போதுதான் எனக்கு முழுமையாகப் புரிகிறது.

சாண்டி வாரம்

2012 அக்டோபர் 28 மாலை சுரங்க ரயில் நிறுத்தப்பட்டது. மறுநாள் இரவு சாண்டி புயல் தாக்கியது. 14-ஆம் தெருவின் கிழக்குக் கோடியில் இருந்த மின் துணைநிலையம் வெடித்தது. ஏறக்குறைய 39-ஆம் தெருவுக்குத் தெற்கே மன்ஹாட்டனின் பெரும்பகுதி இருளில் மூழ்கியது. சிக்னல்கள் அணைந்தன. சுரங்கப்பாதைகளில் வெள்ளம். நவம்பர் 1, 2 தேதிகளில் மன்ஹாட்டனுக்குள் நுழையும் கார்களில் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும் என்று நகர நிர்வாகம் கட்டுப்பாடு விதித்தது. அதன்பின் எரிபொருள் தட்டுப்பாடு.

இந்த வாரத்தில் நகரத்தின் போக்குவரத்து எப்போது, எவ்வளவு முறிந்தது? தானியங்கி எண்ணிகளும் கேமராக்களும் மின்சாரம் இல்லாத இடத்தில் பதில் சொல்லாது. டாக்ஸி மீட்டர் வண்டியின் மின்கலத்தில் ஓடுகிறது. அதனால் ரசீதுகள் தொடர்ந்து வந்துகொண்டிருந்தன.

இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பிரையன் டோனவனும் டேனியல் வொர்க்கும் 2010 முதல் 2013 வரையிலான ஏறத்தாழ 70 கோடி சவாரிகளை எடுத்துக்கொண்டார்கள். நகரத்தைச் சில பெரும் பகுதிகளாகப் பிரித்தார்கள். எந்தப் பகுதியிலிருந்து எந்தப் பகுதிக்கு என்ற ஒவ்வொரு இணைக்கும், ஒரு மைலைக் கடக்க எத்தனை நிமிடம் என்று மணிக்கு மணி கணக்கிட்டார்கள். திங்கள் காலை எட்டு மணியை மற்றத் திங்கள்களின் காலை எட்டு மணிகளோடு ஒப்பிட்டு, வழக்கத்திலிருந்து எவ்வளவு விலகியது என்று பார்த்தார்கள்.

விடை பலர் நினைத்ததற்கு மாறாக இருந்தது. புயலுக்கு முன்னால் மக்கள் வெளியேறியபோது பெரிய முடக்கம் இல்லை. புயல் வீசிய நேரத்தில் தெருக்கள் காலியாக இருந்ததால் ஓடிய சில வண்டிகள் வேகமாகவே ஓடின. மக்கள் திரும்பி வரத் தொடங்கிய பிறகுதான் மிக மோசமான தாமதம் ஏற்பட்டது. வழக்கத்துக்கு மாறான நிலை ஐந்து நாட்களுக்கும் மேல் நீடித்தது. பேரிடர்த் திட்டங்கள் வெளியேற்றத்துக்கு ஒதுக்கும் கவனத்தில் ஒரு பங்கையாவது திரும்புதலுக்கு ஒதுக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. சுரங்க ரயில் முழுமையாக மீளும் முன்பே அலுவலகங்கள் திறந்தால் என்ன நடக்கும் என்பதை அந்த ரசீதுகள் எழுதி வைத்திருக்கின்றன.

இந்த முறையில் நான் மதிப்பது இரண்டு விஷயங்கள். முதலாவது, பகுதி இணைகளாகப் பிரித்தது. புயல் வாரத்தில் யார் டாக்ஸியில் போனார்கள் என்பதே மாறிவிட்டது. ரயிலில் போகும் நீண்ட தூரப் பயணிகள் டாக்ஸிக்கு வந்தார்கள். எல்லாவற்றையும் கலந்து ஒரே சராசரி எடுத்திருந்தால் பயணங்களின் கலவை மாறியதும் நெரிசல் மாறியதும் ஒன்றோடொன்று குழம்பியிருக்கும். இரண்டாவது, புள்ளிப் பிழைகளுக்கு அஞ்சாத அளவுக்குப் பெரிய பகுதிகளை எடுத்தது. நாற்பது மீட்டர் பிழை ஒரு தெருவைக் கெடுக்கும், நகரத்தின் கால்பங்கைக் கெடுக்காது.

ஆனால் அதற்கு ஒரு விலையும் உண்டு. பெரும் பகுதிகளின் எல்லைகள் இருளின் எல்லையோடு ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் இல்லை. புள்ளிகள் கையில் இருக்கும்போது, மின்சாரம் போன பகுதியைப் பலகோணமாக வரைந்து, முழுக்க இருளுக்குள் நடந்த சவாரிகள், முழுக்க வெளிச்சத்தில் நடந்தவை, எல்லையைக் கடந்தவை என்று மூன்றாகப் பிரிக்கலாம். அணைந்த சிக்னல்களால் எவ்வளவு தாமதம், வண்டிகள் பெருகியதால் எவ்வளவு என்று பிரித்தறிய இந்த வெட்டு வேண்டும். எதிர்காலப் புயல்களுக்கு இதே வெட்டைப் பொதுத் தரவில் போட முடியாது. அதற்குக் காரணம் 2014-இல் நடந்தது.

இடமே அடையாளம்

வண்டியின் மெடாலியன் எண்ணையும், அதாவது டாக்ஸியாக ஓட வண்டிக்குத் தரப்படும் உரிம எண்ணையும், ஓட்டுநரின் உரிம எண்ணையும் ஆணையம் எம்டி5 என்ற முறையில் உருமாற்றிக் கொடுத்திருந்தது. பார்க்க நீண்ட, பொருளற்ற எழுத்துக்கோவை. ஆனால் மெடாலியன் எண்களுக்குச் சில வடிவங்கள்தான் உண்டு. ஓர் இலக்கம், ஓர் எழுத்து, இரண்டு இலக்கம் என்ற வடிவத்தில் சாத்தியமானவை 26,000 மட்டுமே. எல்லா வடிவங்களையும் உரிம எண்களையும் சேர்த்தாலும் சுமார் இரண்டு கோடி. எல்லாவற்றையும் உருமாற்றி ஒரு பட்டியல் போட்டு எதிர்ப்பக்கத்திலிருந்து தேடினால் போதும். தரவு வெளியான கொஞ்ச நாளிலேயே ஒருவர் அதைச் செய்து காட்டினார்.

அதன்பின் பிரபலங்கள் டாக்ஸியில் ஏறும் புகைப்படங்களை எடுத்து, படத்தில் தெரிந்த மெடாலியன் எண்ணையும் நேரத்தையும் தரவில் தேடி, அவர்கள் எங்கே போய் இறங்கினார்கள் என்று கண்டுபிடித்தவர்கள் வந்தார்கள். ஓர் இரவு விடுதியின் வாசலில் தொடங்கிய சவாரிகளைத் தேர்ந்தெடுத்து, அவை முடிந்த வீடுகளை வரைபடத்தில் காட்டியவர்களும் உண்டு. இந்த இரண்டாவதற்கு எந்த எண்ணும் தேவைப்படவில்லை. தனித்து நிற்கும் வீட்டின் முன்னால் விழும் ஒரு புள்ளி, பெயரைச் சொல்லாமலே ஆளைக் காட்டிக்கொடுக்கும். தொழுகை நேரங்களில் ஒழுங்காக வண்டியை நிறுத்தும் ஓட்டுநர்களைத் தரவிலிருந்து பிரித்தெடுக்கலாம் என்றும் ஒருவர் காட்டினார். தம் மதம் ஒரு கட்டணப் பதிவில் வெளிப்படும் என்று அந்த ஓட்டுநர்கள் எண்ணியிருக்க வழியில்லை. இந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. புள்ளிகளோடு வேலை செய்பவர்கள் இதைத் தொழில்நுட்பச் சிக்கலாக மட்டும் பேசிவிட்டு நகர்வது சரியில்லை.

ஆணையம் பின்னர் பொதுவெளியில் வைத்த கோப்புகளில் வண்டி எண்ணும் ஓட்டுநர் எண்ணும் இல்லை. அத்தோடு ஒரு பெரிய கேள்வியும் போய்விட்டது. ஒரே வண்டியின் அடுத்தடுத்த சவாரிகளை இணைக்க முடிந்த காலத்தில், ஒருவரை இறக்கிய இடத்துக்கும் அடுத்தவரை ஏற்றிய இடத்துக்கும் இடையே வண்டி ஆளில்லாமல் எவ்வளவு நேரம் சுற்றியது என்று தெரிந்தது. நெரிசலையும் புகையையும் பற்றி அக்கறை கொண்டவர்களுக்கு அந்தக் காலி ஓட்டம் முக்கியமான எண். எண்ணை நீக்கியது சரிதான். ஆனால் நீக்கும்போதே, காலி ஓட்டத்தைப் பகுதிவாரியாக, மணிவாரியாகக் கூட்டி ஒரு தனி அட்டவணையாகத் தர முடியும் என்பது என் உறுதியான கருத்து. அடையாளம் ஒளிந்திருக்கும், கேள்வியும் உயிரோடு இருக்கும்.

263 மண்டலங்கள்

2016 ஜூலையிலிருந்து வெளியான கோப்புகளில் ஆயத்தொலைவுகளும் இல்லை. அவற்றின் இடத்தில் மண்டல எண்கள்: ஏறிய மண்டலம், இறங்கிய மண்டலம். மொத்தம் 263 மண்டலங்கள். தெரியாத இடத்துக்கும் நகருக்கு வெளியேயும் என்று மேலும் இரண்டு குறியீடுகள். நகரத் திட்டமிடல் துறையின் குடியிருப்புப் பகுதிப் பிரிவுகளைத் தோராயமாகத் தழுவியவை இவை.

மண்டலக் கோப்பைத் திறந்ததும் செய்ய வேண்டிய முதல் காரியம் எண்களைச் சரிபார்ப்பது. பரவலாகப் பயன்பட்ட ஷேப்ஃபைலில், அதாவது மண்டலங்களின் வடிவங்களைத் தாங்கும் ஜிஐஎஸ் கோப்பில், 263 வரிகள் உண்டு, ஆனால் தனித்தனி எண்கள் 260தான். குயின்ஸில் உள்ள கொரோனா பகுதிக்கு 56 என்ற எண் இருமுறை வருகிறது. துறைமுகத் தீவுகள் மூன்றும் 103 என்றே இருக்கின்றன. 57, 104, 105 காணோம். சவாரிப் பட்டியலை இதனோடு எண் வழியாக இணைத்தால் கொரோனாவில் ஏறிய ஒவ்வொருவரும் இரண்டு பேராகிவிடுவார்கள். இணைப்புக்கு முன்னும் பின்னும் வரிகளை எண்ணிப் பார்த்தால் போதும், பிழை உடனே தெரியும். எண்ணிப் பார்க்காதவருக்கு ஒரு குடியிருப்புப் பகுதி திடீரெனச் சுறுசுறுப்பாகத் தெரியும், அதற்கு அவர் ஒரு சமூகக் காரணமும் கண்டுபிடித்துவிடுவார்.

மண்டலத்தின் மையப்புள்ளியை வைத்துத் தூரம் கணக்கிடுவது இன்னொரு சறுக்கல். சென்ட்ரல் பார்க் ஒரு மண்டலம், எண் 43. அதன் மையம் மரங்களுக்கு நடுவே விழுகிறது. டாக்ஸி நிற்பதெல்லாம் பூங்காவின் ஓரச் சாலைகளில். ஜேஎஃப்கே முழுவதும் ஒரே மண்டலம். எந்த முனையத்தில் வரிசை நீள்கிறது என்று இனி பிரிக்க முடியாது. மண்டல எல்லைகள் பல இடங்களில் சாலைகளை ஒட்டியே போகின்றன என்பதால், சாலையின் இந்தப் பக்கம் நின்றவரும் அந்தப் பக்கம் நின்றவரும் வேறு மண்டலத்தவராகலாம். ஜிபிஎஸ் பிழை அவர்களை இடம் மாற்றியும் போட்டிருக்கலாம்.

பழைய புள்ளிக் கோப்புகளை வைத்து 2016-க்கு முன்னும் பின்னும் ஒரே கோட்டில் நீட்டிப் பார்க்க விரும்புபவர் அந்தப் புள்ளிகளைத் தாமே மண்டலத்துக்குள் போட்டு எண்ண வேண்டும். அப்போது ஜூன் கடைசிக்கும் ஜூலை தொடக்கத்துக்கும் நடுவே ஒரு மண்டலத்தின் பங்கு சட்டென்று ஏறினால் அல்லது இறங்கினால், நகரம் மாறியதாக முடிவுகட்டும் முன்பு, முந்தைய ஆண்டுகளின் ஜூன், ஜூலையோடு ஒப்பிட வேண்டும். ஒட்டுப்போட்ட இடத்தில் விழும் மடிப்பை நிகழ்வு என்று எண்ணி ஏமாறுவது மிக எளிது.

இவ்வளவும் சொன்ன பிறகும் மண்டலங்களுக்கு ஒரு நன்மை உண்டு. செயலி வழியே அழைக்கும் வண்டிகளின் தரவு 2019 பிப்ரவரியிலிருந்து தனிக் கோப்பாக இதே மண்டல எண்களோடு வருகிறது. மஞ்சள் டாக்ஸி எந்தப் பகுதிகளை இழந்தது, செயலி வண்டிகள் எங்கே புதிதாக நுழைந்தன என்பதை நேருக்கு நேர் வைத்துப் பார்க்கலாம்.

கட்டணம் திருப்பித் தந்த தடயம்

2025 ஜனவரி 5-ஆம் தேதி மன்ஹாட்டனில் 60-ஆம் தெருவிலிருந்து தெற்கே நெரிசல் கட்டணம் அமலுக்கு வந்தது. டாக்ஸிப் பயணத்துக்கு 75 சென்ட், செயலி வண்டிக்கு 1.50 டாலர். அதற்காகச் சவாரிப் பதிவில் ஒரு புதிய கட்டம் சேர்ந்தது. அந்தக் கட்டணப் பகுதிக்குள் வந்தாலும், அங்கிருந்து புறப்பட்டாலும், ஊடே கடந்தாலும் கட்டணம் உண்டு. தீவின் கிழக்கு விளிம்பில் ஓடும் எஃப்டிஆர் டிரைவிலோ மேற்கு விளிம்பில் ஓடும் வெஸ்ட் சைடு நெடுஞ்சாலையிலோ உள்ளே இறங்காமல் போய்விட்டால் கட்டணம் இல்லை.

இதன் பொருள் என்னவென்று ஜிஐஎஸ் செய்பவர் உடனே காண வேண்டும். ஒரு சவாரி வடக்கே தொடங்கி புரூக்ளினில் முடிகிறது. இரண்டு முனைகளும் கட்டணப் பகுதிக்கு வெளியே. 2013-இல் புள்ளிகள் ஆறு தசமம் வரை இருந்தபோதும் அந்த வண்டி நடுவில் எந்த வழி போனது என்று தரவு சொல்லவில்லை. இப்போது முனைகள் மங்கிவிட்டன, ஆனால் கட்டணக் கட்டத்தில் 75 சென்ட் இருந்தால் வண்டி நகரின் நடுவே புகுந்து போனது, பூஜ்யம் இருந்தால் விளிம்புச் சாலையிலோ குயின்ஸ் வழியாகவோ போனது. ஒரே மண்டல இணையில், ஒரே மணியில், இரண்டு வகைச் சவாரிகளையும் எடுத்து, மீட்டர் மைலையும் எடுத்துக்கொண்ட நிமிடத்தையும் ஒப்பிடலாம். தெருவலையில் குறுகிய பாதை தேடும் நிரல் எந்த வழியைத் தேர்ந்தெடுக்கிறது என்பதை ஓட்டுநர்கள் உண்மையில் தேர்ந்தெடுத்ததோடு வைத்துச் சோதிக்கலாம். பழைய ஆண்டுகளின் சவாரிகளுக்குப் பாதை ஊகித்த ஆய்வுகள் எவ்வளவு சரி என்று சரிபார்க்க இப்போது ஓர் அளவுகோல் இருக்கிறது. மாதந்தோறும் புதிய கோப்பு வெளியாகிறது. வேண்டியது மண்டல அடுக்கு, தெருவலை, இந்த ஒரு கட்டம்.